ரூட்டருக்குச் சந்தனப் பொட்டு

சரவணா,

நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். அதை எழுதும்போது கை தானாக ஓடுகிறது, மற்றதற்குத்தான் தயங்குகிறது. உன் மகள் நிவேதா கட்டடப் படிப்பில் முதல் வகுப்பில் தேறினாள். அவள் கையால் வரைந்த பள்ளிக்கூடம் ஒன்று ஓசூர்ப் பக்கம் எழும்பி நிற்கிறது என்று நீ சொன்னாய். தை மாதம் அவளுக்கு மயிலத்தில் கல்யாணம். உன் மகன் கார்த்தி நீச்சலில் காலேஜுக்கே முதலாவதாக வந்து, கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தானாம். உன் தம்பி முரளியின் மகள் செல்வி விழுப்புரத்தில் நர்சிங் படிக்கிறாள், இரண்டாம் வருடம். ஊசி போட இந்த வகுப்பிலேயே இவளுக்குத்தான் கை நடுங்குவதில்லை என்று அவளுடைய டீச்சரே சொன்னாராம். அவள் தம்பி இனியன் பன்னிரண்டாவது. கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று செல்லுக்குச் செய்தி அனுப்புகிற ஒரு சின்னக் கருவியைச் செய்து, மாவட்டக் கண்காட்சியில் பரிசு வாங்கினான். பரிசு கொடுத்தவர் அவன் தோளில் தட்டியதை நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன்.

இதில் பின்பாதி உனக்குத் தெரியாது. முன்பாதி முரளிக்குத் தெரியாது. நான்கு பிள்ளைகளின் பெருமையையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய ஆள் இந்தக் குடும்பத்தில் நான் ஒருத்திதான். உன்னிடம் பேசும்போது செல்வி, இனியன் பேரை விழுங்கிவிடுகிறேன். இங்கே சோறு போடும்போது நிவேதா, கார்த்தி பேரை விழுங்கிவிடுகிறேன். நிவேதாவுக்கு மாப்பிள்ளை அமைந்த செய்தியை நீ போனில் சொன்ன அன்று, எனக்கு யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்போல இருந்தது. கடைசியில் தெருவில் பூ விற்றுக்கொண்டு வந்தவளை நிறுத்தி, இரண்டு முழம் அதிகமாக வாங்கிக்கொண்டு, அவளிடம் சொன்னேன்.

போன வாரம் கூரியரில் நீ அனுப்பிய கல்யாணப் பத்திரிகையின் மாதிரி வந்தது. "பேருங்க எல்லாம் சரியா இருக்கான்னு பாத்து சொல்லும்மா, அப்புறம்தான் அச்சுக்கு அனுப்பணும்" என்று போனில் சொன்னாய். பார்த்தேன். என் பேர் சரியாக இருக்கிறது. காலமான உன் அப்பா பேர் சரியாக இருக்கிறது. உன் மாமனார் வீட்டார் பேர் இருபது இருக்கிறது. பெண்ணுக்குச் சித்தப்பா, சித்தி என்று எழுத வேண்டிய இடத்தில் யாரும் இல்லை. ஒரு வரி கூடக் காலியாக விடாமல், அந்த இடமே இல்லாத மாதிரி நெருக்கி அடித்திருக்கிறது. பத்திரிகையில் விட்டுப்போன அந்தப் பேர் என்னால் விட்டுப்போனது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நடுவிலே நீ "விடும்மா, அந்தக் கதை இப்ப எதுக்கு" என்பாய், நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன். காகிதம் குறுக்கே பேசாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, கோணலாகத்தான் எழுதும். பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி.

நீ திண்டிவனம் வந்து அந்த ரூட்டரை மாட்டிய நாளிலிருந்து தொடங்குகிறேன். முரளியின் மனைவி கௌரிக்கு அப்போதுதான் வீட்டிலிருந்தே செய்கிற வேலை கிடைத்திருந்தது. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் நோயாளி விவரங்களைச் சரிபார்க்கிற வேலை. அடுத்தவர் நோய் நொடி விஷயம் என்பதால் கம்பெனி கண்டிப்பாக இருந்தது. நம் வீட்டு இணைப்புக்கு மாறாத ஓர் எண் வேண்டும், அந்த எண்ணிலிருந்து வந்தால்தான் கதவைத் திறப்போம், செல்லிலிருந்தோ வேறு இடத்திலிருந்தோ வந்தால் திறக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நீ பெங்களூரில் இரண்டு நாள் லீவு போட்டு வந்து, நெட் கம்பெனியில் பேசி அந்த எண்ணை வாங்கி, கூடத்தில் தரையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்தாய். நான் பக்கத்தில் மல்லாட்டையை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். "இன்னாடா இது, வெறும் நம்பரா கீது?" என்று கேட்டேன். வேறு யாராக இருந்தாலும் "உனக்குப் புரியாதும்மா" என்று சொல்லியிருப்பார்கள். நீ திரும்பி உட்கார்ந்து சொன்னாய்.

"இந்த வூட்டுல கீற ஒவ்வொரு செல்லுக்கும், டிவிக்கும், கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் வேணும்மா. அத குடுக்கிறது இந்தப் பெட்டிதான். வர்றவங்களுக்கு வரிசையா குடுக்கும், போனா திருப்பி வாங்கிக்கும். ஆனா கௌரி கம்ப்யூட்டருக்கு மட்டும் நிரந்தரமா ஒன்னு எழுதி வச்சிட்டேன், அத வேற யாருக்கும் குடுக்காது. இது வூட்டுக்குள்ள. வெளிய பாக்குறவங்களுக்கு வூடு மொத்தத்துக்கும் ஒரே நம்பரு. அததான் இப்ப கைல அடிக்கப் போறேன்."

அடிக்க வேண்டியது நான்கு வரி. நம் எண் ஒன்று, அதன் கீழே மாஸ்க் என்று ஒன்று, கேட்வே என்று ஒன்று, டி.என்.எஸ். என்று ஒன்று. காகிதத்தில் எழுதி என் கையில் கொடுத்து, "நீ படி, நான் அடிக்கிறேன்" என்றாய். "இருநூத்து அம்பத்தஞ்சு, இருநூத்து அம்பத்தஞ்சு, இருநூத்து அம்பத்தஞ்சு, சைபரு" என்று படித்தேன். "புள்ளிய சொல்லும்மா, புள்ளி வுட்டா எல்லாம் போச்சி" என்றாய். அடித்து முடித்தும் இணைப்பு வரவில்லை. நீ வயரைப் பார்த்தாய், பெட்டியைத் தூக்கிப் பார்த்தாய், நெட் கம்பெனிக்காரனைத் திட்டினாய். நான் காகிதத்தையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "கேட்வேல கடைசி நம்பரு இங்க ஒன்னு, அங்க பதினொன்னு" என்றேன். நீ திருத்தியதும் பச்சை விளக்கு எரிந்தது. "அம்மாவ எங்க ஆபீஸ்ல சேத்துக்கலாம்பா" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாய். அந்தக் காகிதத்தை என்னிடமே கொடுத்தாய். "என்கிட்ட வேற காப்பி இல்ல. முரளிகிட்ட குடுத்தா தொலைச்சிடுவான். உன் பீரோவுல வை. பெட்டிய மட்டும் எப்பவும் அணைக்காதீங்க" என்றாய். என் ஆயுசில் என்னை நம்பி ஒருவர் எழுத்துச் சமாச்சாரத்தை ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை. உன் அப்பா கூடப் பட்டா, சிட்டா எதையும் என் கையில் கொடுத்ததில்லை.

அடுத்தது உன் தப்பு. நான் என் தப்பைச் சொல்ல வந்தவள், ஆனாலும் இதைச் சொல்லாமல் போனால் கதை நொண்டும். பெங்களூரில் இருந்தே நம் பெட்டிக்குள் நுழைகிற வழியை நீ உன்னிடம் வைத்துக்கொண்டாய். ஏதாவது கோளாறு என்றால் அங்கிருந்தே சரிசெய்யலாம் என்றாய், சரிதான். ஆனால் இனியன் காலாண்டுப் பரீட்சையில் மார்க்கு குறைந்துவிட்டது என்று நான் உன்னிடம் போனில் சொன்ன மறுநாள், ராத்திரி எட்டு மணிக்கு மேல் இந்த வீட்டில் டிவியும் பிள்ளைகள் செல்லும் நின்றுபோயின. முரளி விழுப்புரத்தில் ஆபீஸ் முடிந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, கால் கழுவிக்கொண்டு கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தான். திரை சுற்றிக்கொண்டே இருந்தது. உனக்கு அடித்தான். "ஆமாண்டா, நான்தான் நிறுத்தி வச்சேன், புள்ளைங்க படிக்கட்டும்" என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னது எனக்கும் கேட்டது. "இது என் வூடாண்ணே, உன் ஆபீஸா? என் வூட்டுல எத்தினி மணிக்கு டிவி பாக்கணும்னு நீ அங்க குந்திக்கினு சொல்லுவியா?" என்று அவன் கேட்டான். நீயும் விடவில்லை. "பெட்டிய மாட்டிக் குடுத்தது யாருடா? இனிமே உங்க வூட்டுப் பெட்டிய நான் தொடவே மாட்டேன், எக்கேடோ கெட்டுப் போங்க" என்று வைத்துவிட்டாய். இரண்டு நாளில் ஆறிவிடும் சண்டைதான் அது. சின்ன வயதில் ஒரே சட்டைக்காக மண்டையை உடைத்துக்கொண்டவர்கள்தானே நீங்கள். ஆனால் ஆறுவதற்குள் ஆயுத பூஜை வந்தது.

பூஜை அன்று காலையில் வழக்கம்போல நான் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தேன். கடப்பாரை, மண்வெட்டி, அரிவாள்மனை, தையல் மிஷின், மோட்டார் ஸ்டார்ட்டர், முரளியின் வண்டி. இந்த வீட்டுக்கு உழைக்கிற எதையும் விடக் கூடாது என்பது என் மாமியார் எனக்குச் சொன்னது. கௌரி அந்தப் பெட்டியால்தான் வேலை செய்கிறாள், அதை மட்டும் அழுக்கோடு விட மனம் வரவில்லை. நீ அணைக்கக் கூடாது என்று சொன்னது நினைவிருந்தது. அதனால் அணைக்காமலே, ஈரம் படாமல், காய்ந்த துணியால் துடைத்தேன். பின்பக்கம் வயர் செருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் குண்டூசித் தலையளவு ஓர் ஓட்டை. அதற்குள் தூசி அடைத்துக்கொண்டிருந்தது. தாலிக்கயிற்றில் ஊக்கு மாட்டியிருந்த காலத்துப் பழக்கம், இன்னும் புடவையில் ஒரு ஊக்கு குத்தியிருப்பேன். அதை எடுத்து ஓட்டைக்குள் விட்டு நோண்டினேன். உள்ளே மெத்தென்று ஏதோ இடறியது. கெட்டிப்பட்ட அழுக்கு என்று நினைத்து, நன்றாக அழுத்திப் பிடித்துக் குடைந்தேன். முன்பக்கம் விளக்குகள் எல்லாம் ஒன்றாகச் சிமிட்டி அணைந்தன. எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒன்றொன்றாக எரிந்தன. பச்சையாக இருந்த ஒன்று இப்போது சிவப்பாக எரிந்தது. பெட்டியின் தலையில் சந்தனம் தடவி, குங்குமப் பொட்டு வைத்து, ஒரு செவ்வந்திப் பூவை மேலே செருகினேன். சிவப்பு விளக்கு குங்குமத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று கூட நினைத்தேன்.

பிறகு சாமி முன்னால் பிள்ளைகள் புத்தகத்தை அடுக்கும்போது, பீரோவிலிருந்து நீ கொடுத்த காகிதத்தையும் எடுத்து, செல்வியின் உயிரியல் புத்தகத்துக்கும் இனியனின் கணக்குப் புத்தகத்துக்கும் நடுவில் வைத்தேன். எழுத்து என்று என்னிடம் இருந்தது அது ஒன்றுதான், அதையும் சரஸ்வதி பார்க்கட்டும் என்ற ஆசை. பொரி, கடலை, அவல் வைத்து, சூடம் காட்டி, புத்தகங்களின் மேல் பட்டுத்துணியைப் போட்டு மூடினேன். மறுநாள் காலையில் மறுபூஜை முடிந்துதான் அதைத் தொட வேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரியாததா.

இரண்டு மணிக்குக் கௌரி வேலைக்கு உட்கார்ந்தாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு ஏது ஆயுத பூஜை. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள், அந்த வாரம் கடைசி வாரம். நெட் வரவில்லை. நெட் கம்பெனி ஆபீஸ் பூஜை விடுமுறையில் பூட்டியிருந்தது, போனை யாரும் எடுக்கவில்லை. முரளி கம்ப்யூட்டரில் பெட்டியின் எண்கள் தெரிகிற பக்கத்தைத் திறந்து பார்த்தான். "அண்ணன் போட்டது எதுவுமே இல்ல. கடைல வாங்குன அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படி கீது" என்றான். மானத்தை விட்டு உனக்குப் போன் போட்டான். நீ சொன்னது உனக்கு நினைவிருக்கும். "நீ எதையாச்சும் நோண்டியிருப்ப. அந்த நாலு வரியும் அம்மாகிட்ட கீது, வாங்கி அடி. அது கூடத் தெரியலன்னா நான் இன்னா பண்றது?"

கௌரி என்னிடம் வந்தாள். "அத்தே, அந்தப் பேப்பரு குடுங்க" என்றாள். "சாமிகிட்ட வச்சிட்டேன்மா. நாளைக்குக் காலைல தரேன்" என்றேன். "அத்தே, இன்னிக்கு நான் உள்ள போயே ஆவணும். துணிய தூக்கி ஒரே ஒரு பேப்பரு எடுத்துக்கிறேன், புஸ்தகத்த தொடமாட்டேன்" என்றாள். நான் முடியாது என்றேன். "பூஜைல வச்சத நடுவுல எடுத்தா குடும்பத்துக்கு ஆவாது" என்றேன். அவள் கை கூப்புவது போல இரண்டு கையையும் சேர்த்தாள். "ஜல்தி வேணும் அத்தே, பேஜாரா கீது" என்றாள். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். முரளி என் பேச்சை மீறுகிறவன் இல்லை. அன்று முழுதும் அவள் அந்தச் சிவப்பு விளக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மறுபூஜை முடிந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். விழுப்புரத்திலிருந்து நெட்டுக்காரர் ஒருவரும் வந்து சேர்ந்தார், நாற்பது வயது இருக்கும். நான்கு வரியையும் அடித்து, உள்ளே கௌரியின் கம்ப்யூட்டருக்கும் பழையபடி எண்ணை எழுதி வைத்து, விளக்கைப் பச்சையாக்கினார். "சந்தனம் எல்லாம் வச்சி அமர்க்களமா கீது" என்று சிரித்தார். பிறகு முரளியிடம், "யாரோ மொத்தமா அழிச்சிருக்காங்க சார். ஒன்னு, பின்னாடி இந்தச் சின்ன ஓட்டையில ஊசி மாதிரி எதையாச்சும் வுட்டு அழுத்திப் புடிச்சிருக்கணும். இல்லன்னா வெளிய இருந்து உள்ள வந்து அழிச்சிருக்கணும். வேற வழியே இல்ல" என்றார். ஊக்கு என் தோளில் இருந்தது. நான் கதவோரம் நின்றிருந்தேன். முரளி, "பொட்டு வச்சதோட சரி, எங்க வூட்டுல யாரும் அந்த ஓட்டைய தொடல. வெளிய இருந்து உள்ள வர்ற ஆளு ஒருத்தர்தான் கீறாரு" என்றான். அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரே வார்த்தை. நெட்டுக்காரர் செருப்பு போட்டுக்கொண்டு, வண்டியை உதைத்துக் கிளம்புகிறவரை நேரம் இருந்தது. நான் முந்தானையை இழுத்து ஊக்கை மூடிக்கொண்டேன்.

ஏன் என்று கேட்பாய். அம்மா கையில் கொடுத்தால் பத்திரம் என்று நீ நினைத்திருந்தாய் அல்லவா, அந்த நினைப்பை உடைக்க எனக்குத் துணிவில்லை. சாயந்திரம் சொல்லலாம் என்று வைத்தேன். அதற்குள் கௌரியின் கம்பெனியிலிருந்து இனி வர வேண்டாம் என்று செய்தி வந்துவிட்டது. அதன் பிறகு முரளி உனக்குப் போன் போட்டு, "என் பொண்டாட்டி நாலு பேரு மாதிரி வேலைக்குப் போறது உனக்குக் கண்ணுல குத்துதா?" என்று கேட்டான். "தொட்டது நீ, பழி எம்மேலயா? இனி எனக்குத் தம்பியே இல்லடா" என்று நீ சொன்னாய். இரண்டு பேர் சொன்னதும் பொய்யான காரணத்துக்காக. இரண்டு பேருக்கும் தெரியாத காரணம் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தது. ஒரு நாள் சொல்லாதது மறுநாள் இரண்டு மடங்கு கனத்தது. பொங்கல் வந்தது, நீ வரவில்லை. உன் அப்பா திதி வந்தது, நீ பெங்களூரில் தனியாகக் கொடுத்தாய். இப்படியே இரண்டு வருடம் போய்விட்டது.

விழுப்புரத்தில் எனக்குக் கண் ஆபரேஷன் நடந்ததே, அன்று கட்டுப்போட்ட கண்ணோடு படுத்திருந்தேன். காலையில் முரளி வந்து, "அண்ணன் எப்ப வர்றாராம்?" என்று நர்சிடம் கேட்டுவிட்டு, பதினொன்றுக்குள் கிளம்பினான். பன்னிரண்டுக்கு நீ வந்து, அதே நர்சிடம், "அவன் போயிட்டானா?" என்று கேட்டாய். நீ வீட்டுக்கு வராமல் லாட்ஜில் தங்கினாய். சாயந்திரம் அந்த நர்சம்மா கட்டைப் பார்க்க வந்தபோது, "இன்னா ஆயா, உங்க ரெண்டு புள்ளைங்களும் டூட்டி மாத்திக்கிற மாதிரி வர்றாங்க?" என்று கேட்டாள். "ரெண்டு பேரும் வேலையா கீறாங்கமா" என்றேன். அதுவும் பொய்தான்.

பத்திரிகை மாதிரியைப் பார்த்த பிறகு, உனக்கு எழுதும் முன்னால் இங்கே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். கௌரி வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்கார்ந்து சொன்னேன், ஊக்கைப் பற்றி முழுவதும். அவள் கை நின்றது. அழுவாள், கத்துவாள் என்று பார்த்தேன். "ஊக்கு குத்துனது தெரியாம செஞ்சீங்க அத்தே. அதுக்கு நான் ஒன்னும் சொல்லமாட்டேன்" என்றாள். "பேப்பரு குடுக்காதது தெரிஞ்சிதான செஞ்சீங்க? ஒரே ஒரு பேப்பரு அத்தே. கையேந்திக்கினு நின்னேன்." எழுந்து போய்விட்டாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் நேரத்துக்கு வந்தது.

அவள் சொன்னதை நான் திருப்பித் திருப்பி நினைத்தேன், சரவணா. அவள் சொன்னதுதான் நிஜம். சாமிக்காகத்தான் மறுத்தேன் என்று என்னிடமே இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் அப்பா உயிரோடு இருந்து, பூஜை நடுவில் அவருக்கு நெஞ்சு வலி என்று சொல்லியிருந்தால், அதே பட்டுத்துணியை வீசிவிட்டு ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்திருக்க மாட்டேனா. படித்த மருமகள், வேலை கிடைத்த மூன்று மாதமாக என்னிடம் எதையும் கேட்காதவள், அன்று என் கையில் இருக்கிற ஒரு காகிதத்துக்காக நின்றாள். அது எனக்கு இனித்தது. சாமி பேரைச் சொல்லி என் அதிகாரத்தைக் காட்டினேன். அவள் இப்போது கூட்டேரிப்பட்டில் ஒரு கடையில் பில் போடுகிறாள், காலையில் பஸ் பிடித்துப் போகிறாள். நான் அவள் டிபன் டப்பாவைக் கட்டிக் கொடுக்கிறேன்.

கௌரிக்குச் சொன்ன அன்று ராத்திரி முரளிக்கும் சொன்னேன். "ஏம்மா ரெண்டு வருசம்?" என்றான். பிறகு, "அண்ணனுக்குச் சொல்லிட்டியா?" என்றான். "எழுதப்போறேன்" என்றேன். "எழுது. நான் சொன்ன வார்த்தைக்கு நான் எந்த மூஞ்ச வச்சிக்கினு போன் பண்றது? அண்ணன் அத செய்யலன்னு எனக்கு உள்ளுக்குள்ள தெரியும்மா. ஆனா வேற யாரும் இல்லன்னும் தெரிஞ்சிது. நான் இன்னா பண்ணுவேன்?" என்றான். அவனுக்கு நாற்பத்தைந்து வயது, ஆனாலும் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். என்மேல் கோபப்படு, அது நியாயம். இரண்டு வருடம் கோபப்பட்டாலும் நியாயம். ஆனால் அதை என்மேல் மட்டும் வை. அச்சுக்காரரிடம் சொல்லி, பெண்ணின் சித்தப்பா முரளி, சித்தி கௌரி என்று இரண்டு பேரையும் எழுதி, செல்வி, இனியன் பேரையும் சேர்த்த பிறகு பத்திரிகையை அச்சுக்கு அனுப்பு. முதல் போனை நீ பண்ணு. மூத்தவன் என்பதால் சொல்லவில்லை, அவன் சொல்ல வேண்டிய மன்னிப்பு ஒன்று இருக்கிறது, அதைத் தொடங்க அவனுக்கு வாய் வராது. நீ "முரளி" என்று மட்டும் கூப்பிட்டால் போதும். மயிலத்தில் தாலி கட்டும்போது அவன் உன் பக்கத்தில் நிற்காவிட்டால், ஊரார் காரணம் கேட்பார்கள். அப்போது நான் எழுந்து மைக்கிலேயே சொல்லிவிடுவேன், அந்த அளவுக்கு வந்துவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. கல்யாணம் முடிந்து நிவேதா புது வீட்டுக்குப் போனால், அங்கே இந்தப் பெட்டியை நீதான் மாட்டிக் கொடுப்பாய். உன் கை அதற்குத் துடிக்கும், எனக்குத் தெரியும். மாட்டு. எண்களை எல்லாம் சரியாக அடி, புள்ளியை விடாதே. முடித்ததும் கடவுச்சொல்லை உன் மகள் கையிலும் மாப்பிள்ளை கையிலும் கொடுத்துவிட்டு, நீ உள்ளே போகிற வழியை அடைத்துவிட்டு வா. அவர்கள் கூப்பிட்டால் போ, கூப்பிடாமல் போகாதே. எண்களை எழுதிய காகிதம் இரண்டு பிரதியாக இருக்கட்டும். ஒன்று யாரும் கேட்காமலே எடுக்கிற இடத்தில் இருக்கட்டும். ஒரே ஆளின் கையில், அது தாயின் கையாக இருந்தாலும், ஒரு வீட்டின் வாசலைக் கொடுக்காதே. நான் படித்த படிப்பில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

கடைசியாக, உன்னுடைய புதுப் படம் ஒன்றை எடுத்து, பிரிண்ட் போட்டு, தபாலில் அனுப்பு. கல்யாண வீட்டுக்காரன் போல வேட்டி கட்டிச் சிரிக்கிற படம் வேண்டாம். இந்தக் கடிதத்தை மடித்து வைத்த பிறகு உன் முகம் எப்படி இருக்கிறதோ, அப்படியே போய் எடுத்துக்கொள். கோபமாக இருந்தாலும் சரி. என்னிடம் இருக்கிற உன் படங்களில் எல்லாம், அம்மா என்ன செய்தாள் என்று தெரியாத பிள்ளைதான் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தெரிந்த பிள்ளையின் முகத்தை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

உன் அம்மா